நாய் மேல் இருப்பது வட்டி, சுவரில் இருப்பது முதல்

தோட்டத்தில் நாய் இல்லாத உழவர் வெகு குறைவு. காட்டுப்பன்றி வந்தால் குரல் கொடுப்பதும், கீரி கோழியைத் தூக்காமல் பார்த்துக்கொள்வதும், ராத்திரி மோட்டார் கொட்டகைக்குத் துணையாகப் படுத்திருப்பதும் அதுதான். ஆனால் மாட்டின் மடியையும் குளம்பையும் தினம் பார்க்கிற நாம், நாயின் காதைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நம் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "நாய் பூரா உண்ணிங்க, ரசாயனம் இல்லாம என்ன பண்றது?" ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடாது. உண்ணி எங்கே வாழ்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உண்ணியின் கணக்கு

நம் ஊர் நாய்களில் அதிகம் காண்பது பழுப்பு நிற நாய் உண்ணி. இதன் வாழ்க்கையில் முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என்று நான்கு நிலைகள். குஞ்சு நாயின் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும், தோலுரித்து இளம் உண்ணியாகும். மறுபடி ஏறிக் குடித்து விழுந்து வளர்ந்த உண்ணியாகும். மூன்றாம் முறை ஏறும் பெண் உண்ணிதான் ஆமணக்கு விதை போல உப்பிக் கிடப்பது. அதுவும் ஒரு வாரத்தில் விழுந்து, சுவர் இடுக்கிலோ கூரைச் சந்திலோ ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். ஒரு உண்ணி 4,000 முட்டை வரை இடக்கூடியது.

அதாவது உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. நாய் படுக்கும் இடத்தின் விரிசலில்தான் கழிக்கிறது. வளர்ந்த உண்ணி ரத்தம் குடிக்காமலே பல மாதம் காத்திருக்கும். அதனால் கொட்டகையைக் கொஞ்ச நாள் காலியாக விட்டாலும் அது போய்விடாது.

முப்பது வருடம் வங்கியில் கடன் கணக்கு பார்த்தவன் நான். எனக்கு இது இப்படித்தான் புரிகிறது: நாய் மேல் தெரிவது வட்டி, சுவரில் ஒளிந்திருப்பது முதல். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் என்றைக்குத் தீரும்?

முதலை அடைக்கும் வழி

எங்கள் தோட்டத்தில் நாங்கள் வைத்திருக்கும் முறை இது:

1. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி, தரையிலிருந்து கூரை வரை விரிசல்களைப் பாருங்கள். உண்ணி மேல்நோக்கி ஏறும் குணமுள்ளது. அதனால் உத்தரச் சந்து, கதவு நிலை, கீற்று மடிப்பு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரிசலை மண்ணோ சிமெண்டோ வைத்துப் பூசி அடைத்துவிடுங்கள்.
2. பூசிய சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். சந்துபொந்து மூடும், புதிதாக வருவது வெள்ளையில் பளிச்செனத் தெரியும். காயும்வரை நாயை வேறு இடத்தில் கட்டுங்கள்.
3. கல், சிமெண்ட் தரையாக இருந்தால் வாரம் ஒருமுறை இடுக்குகளில் கொதிக்கும் நீர் ஊற்றுங்கள். தீ வைத்துப் பொசுக்கும் வேலை கீற்றுக் கொட்டகை பக்கமே வேண்டாம்.
4. படுக்கைச் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். ஒன்று காயும்போது மாற்ற இன்னொரு சாக்கு கைவசம் இருக்கட்டும்.
5. ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கரைக்கக் கொஞ்சம் காதி சோப்பு சேர்த்துச் சுவர் இடுக்குகளில் தெளிக்கலாம். இது சுவருக்கு, நாய்க்கு அல்ல.

முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. இன்றைக்குச் சுத்தமாகத் தெரியும் சுவரில் மூன்று வாரம் கழித்துக் குஞ்சு ஊரும். குறைந்தது இரண்டு மூன்று மாதம் வாரந்தவறாமல் செய்தால்தான் சங்கிலி அறும். மேயும் கோழிகளும் கண்ணில் பட்ட உண்ணியைப் பொறுக்கித் தின்னும். ஆனால் இடுக்கில் இருப்பதை அவை எட்டாது.

நாயின் உடம்பில்

தினம் ஐந்து நிமிடம் போதும். காதின் உட்புறம், கழுத்து, முன்கால் அக்குள், விரல் இடுக்கு, தொடைச் சந்து, வாலடி. உண்ணியைக் கண்டால் முள் எடுக்கும் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். சூடு வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது கூடாது. விரலால் நசுக்கவும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிடுங்கள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள். உப்பிய பெண் உண்ணி ஒன்றை எடுத்தால், சுவரில் இறங்கவிருந்த சில ஆயிரம் முட்டையை எடுத்த கணக்கு.

தெள்ளு வேறு

தெள்ளுப்பூச்சி தாவும், உண்ணி ஊரும். நாயின் முடியைப் பிரித்தால் கறுப்புத் தூள் மாதிரி தெரிகிறதா? அதை ஈரத் துணியில் தேயுங்கள். சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். தெள்ளு நாயின் மேல் முட்டையிட்டாலும் முட்டை உதிர்ந்து தரைக்குப் போய்விடும். நிழலும் ஈரமும் மக்கும் இருக்கிற மண்ணில் புழு வளரும்.

இங்கே நாம் கவனிக்க ஒன்று உண்டு. பயிருக்கு மூடாக்கு நல்லது. ஆனால் நாய் படுக்கிற மரத்தடியில் சருகு சேர்ந்தால் அது தெள்ளுப் பண்ணை. அந்த இடத்தை மட்டும் கூட்டி, வெயில் படும்படி வையுங்கள். நாயைக் குளிப்பாட்டி, சாதாரணப் பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்பு நீரில் முக்குங்கள். நல்ல பலன் தரும். தெள்ளை நாய் விழுங்கினால் நாடாப்புழு வரும். மலத்தில் அரிசி போல வெள்ளைத் துண்டு தெரிந்தால் குடற்புழு மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

செய்யக் கூடாதவை

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் வந்தார். "சார், மாட்டுக்கு வாங்கின உண்ணி மருந்து மிச்சம் கெடக்கு, நாய்க்கும் ஊத்திடலாமா?"

"வேண்டாங்க. மாட்டு எடை என்ன, நாய் எடை என்ன? அது மேல பட்டதெல்லாம் நக்கிடும்ங்க" என்றேன்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை நாய் மேல் ஊற்றி, வாயில் நுரை தள்ளிச் செத்த நாய்களைக் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் 'இயற்கை' என்ற பெயரிலும் ஆபத்து உண்டு:

- பூண்டு, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். மாட்டுக்கான மூலிகைக் கரைசலில் பூண்டும் உண்ணிச்செடியும் இருக்கும். அதைக் கொட்டகைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
- புகையிலைக் கரைசல் நஞ்சு. கற்பூரமும் அப்படியே.
- வேப்பெண்ணெயை அப்படியே உடம்பில் பூச வேண்டாம். நக்கினால் வாந்தி எடுக்கும். பால்குடிக் குட்டிகளுக்கு எதுவும் பூசாமல் கையாலும் சீப்பாலும் எடுங்கள்.

எப்போது மருத்துவர்?

உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. எர்லிகியா, பபேசியா என்ற ரத்த நோய்களைப் பரப்பும். சாப்பிட மறுப்பது, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர், இவற்றில் எது கண்டாலும் கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருந்தகம். ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர் நான்கு வாரம் மாத்திரை எழுதினால் நான்கு வாரமும் கொடுங்கள். நாய் எழுந்து ஓடுகிறதே என்று பாதியில் நிறுத்தினால் நோய் உள்ளேயே தங்கிவிடும்.

உண்ணி மிதமிஞ்சிப் போனால் மருத்துவர் முதுகில் விடும் சொட்டு மருந்தோ மாத்திரையோ தரலாம். "இயற்கை உழவன் இதைக் கொடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்பதே என் பதில். வேறு வழியில்லாதபோது நோயுற்ற உயிருக்கு மருந்து கொடுப்பதை இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் விதிகளே தடுப்பதில்லை. ஆனால் மருந்தின் தன்மை தெரிந்திருக்க வேண்டும். சொட்டு மருந்தில் வரும் பிப்ரோனில் தேனீக்கும் மீனுக்கும் ஆகாது. போட்ட பின் இரண்டு மூன்று நாள் நாயைக் குளத்தில் இறங்க விடாதீர்கள். பெர்மெத்ரின் பூனைக்கு எமன். வீட்டில் பூனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம். செய்தித்தாளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வரும் ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் வேறு ஒரு சிறு பூச்சியால் மனிதருக்கு வருவது. நாய் உண்ணி அதைப் பரப்புவதில்லை. அந்தப் பயத்தில் நாயை விரட்ட வேண்டாம். உங்களுக்குக் காய்ச்சலோடு உடம்பில் கருகிய புண் போல வடு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டார்ச், ஒரு கூடை களிமண், ஒரு பை சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு நாய் படுக்கும் இடத்துக்குப் போங்கள். நாயைப் பிறகு பார்க்கலாம். முதலில் சுவரைப் பாருங்கள்.