நோட்டீஸில் இருக்கிற பணம்

பொங்கல் விளையாட்டு விழா முடிந்து மைக் செட் வண்டி ஏறியதும் மன்றத்தில் பணப் பேச்சு தொடங்கிவிடும். சில நம்பிக்கைகள் வருஷா வருஷம் அதே குரலில் வரும்.

"நம்ம பசங்கதானே, கணக்கு எதுக்கு?"

கணக்கால் முதலில் பிழைப்பவர் பொருளாளர். உறியடிப் பானை, கோடு போடச் சுண்ணாம்புத்தூள் என்று கைக்காசைப் போட்டு வாங்கியவர், துண்டுச்சீட்டில்கூடக் குறித்து வைக்காவிட்டால் மாசி பிறப்பதற்குள் சந்தேகத்துக்கு ஆளாவார். சில்லறைச் செலவுக்குக் கடைக்காரர் பில் தரமாட்டார்; தேதி, தொகை, காரணம் எழுதி, வாங்கியவரும் செயலாளரும் கையெழுத்திட்ட வவுச்சர் போதும். மைக் செட்டுக்கோ பந்தலுக்கோ ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.

"நோட்டீஸில் போட்டதெல்லாம் வரவு."

மன்றங்கள் கடனில் விழும் இடம் இதுதான். கபடி முதல் பரிசு உபயம் என்று பெயர் அச்சேறிவிடும். சொன்னவர் விழா அன்று வெளியூரில் இருப்பார். ஜெயித்த அணி மேடை முன்னால் நிற்கும்போது யாரோ வட்டிக்கு வாங்க ஓடுவார். ஆகவே நோட்டில் மூன்று பத்தி வேண்டும்: சொன்னது, வந்தது, பாக்கி. செலவைத் திட்டமிட நடுப்பத்தி மட்டுமே உதவும். ரசீது புத்தகத்தையும் சும்மா கொடுத்தனுப்பக் கூடாது. எந்த எண் முதல் எந்த எண் வரை யார் கையில் என்று எழுதி, வசூல் முடிந்ததும் அடிக்கட்டையோடு கிழிக்காத தாள்களையும் திரும்ப வாங்க வேண்டும். கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

"பொருளாகக் கொடுத்தது கணக்கில் வராது."

வரும். பாத்திரக்கடைக்காரர் 20 எவர்சில்வர் குடம் கொடுத்து, கோலப்போட்டிக்கும் மியூசிக்கல் சேருக்கும் 17 போனால், மீதி 3 எங்கே என்று அவர் கேட்கத்தான் செய்வார்.

"ஜிபே இருக்கே, அதுவே கணக்கு."

பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு வரும் நன்கொடையும் அவர் வீட்டு கேஸ் சிலிண்டர் செலவும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். மன்றத்தின் பெயரிலேயே, இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

"கையில் மிஞ்சியது லாபம்."

பெட்டியில் 12,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைக் செட்டுக்கு 8,000, பந்தலுக்கு 6,000 பாக்கி என்றால் மன்றம் 2,000 ரூபாய் கடனில் நிற்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல்தான் அன்றிரவே பிரியாணிக்கு ஆர்டர் போகிறது.

"சங்கம் பதிவாகிவிட்டது, நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு."

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானால் ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் கடமைதான் வரும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமானால் வருமான வரித்துறையின் தனி அனுமதி வேண்டும். அது இல்லாத மன்றம் ரசீதில் "வரிவிலக்கு உண்டு" என்று அச்சடித்துக் கொடுத்தால், அதை நம்பிய கடைக்காரர் ஆடிட்டரிடம் பேச்சு வாங்குவார். அடுத்த தைக்கு அவர் கடைப்பக்கம் ரசீது புத்தகத்தோடு போக முடியாது.