பெயர் கேட்காத படிவத்திலும் ஆள் தெரியும்

செமஸ்டர் முடிகிற நேரம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் நீங்கள் என்றால், "ஃபீட்பேக் வேலையை நீங்களே பாத்துக்குங்க" என்று கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யிலிருந்து சொல்லி அனுப்பியிருப்பார்கள். இந்த வேலை எப்போதும் இளையவர் தலையில்தான் விழும். கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயார் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள்.

பொறியியல் கல்லூரியில் அந்தப் படிவம் ஒருவரின் பதவி உயர்வு வரை போகிறது. 2019-இல் ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த 360 டிகிரி மதிப்பீட்டில் 100-க்கு 25 மதிப்பெண் மாணவர் கருத்துக்கு உரியது. மாணவர் பக்கம் இன்டர்னல் மதிப்பெண் பயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரித் தாளுக்கு இன்டர்னல் 40. யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர் கையில்தான் அந்த மதிப்பெண் இருக்கிறது. மாட்டிக்கொள்வோமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்று தட்டிவிட்டு மாணவர் நழுவிவிடுவார். அப்படி வந்த பதில்களால் யாருக்கும் பயனில்லை.

செட்டிங்ஸ் எளிது, ஐந்து நிமிட வேலை. மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்துங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' இருக்கலாம். மாணவர் லாகின் செய்ய வேண்டியிருக்கும், ஆனால் அவர் முகவரி உங்களுக்கு வராது. படிவத்தின் தலையில் தன் முகவரியைப் பார்த்ததும் பலர் பதறுவார்கள். பக்கத்திலேயே 'பகிரப்படவில்லை' என்ற குறிப்பு இருப்பதை வகுப்புத் திரையில் காட்டிவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் என்றால் பெயர்ப் பதிவுக்கான டிக்கை எடுங்கள். ரோல் நம்பர், பாலினம், விடுதியா வீடா போன்ற கேள்விகள் பழைய படிவத்தைக் காப்பி செய்யும்போது ஒட்டிக்கொண்டு வரும், தூக்கிவிடுங்கள்.

பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பது நேரம். ஒவ்வொரு பதிலுக்கும் அருகில் அது வந்த நேரம் பதிவாகிறது. அனுப்பிவிட்டதாகச் சொன்னவர்களைக் கழித்து, நீங்கள் தினமும் சாயங்காலம் 'இன்னும் அனுப்பாதவர்கள்' என்று பெயர்ப் பட்டியலை வகுப்புக் குழுவில் போடுகிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் எதை எழுதினார் என்பது தெரிந்துபோகும். பதில்கள் சேரும் ஷீட்டில் நேரப் பத்தியை அழித்தாலும் ஃபார்முக்குள் அது அப்படியே இருக்கும். வெறும் சராசரியைச் சொன்னாலும் ஆபத்துதான். வெள்ளிக்கிழமை 58 பேர் பதில், சராசரி 4.5 என்று துறைத் தலைவரிடம் சொல்கிறீர்கள். திங்களன்று விடுபட்ட இரண்டு பேரும் அனுப்பிவிட, சராசரி 4.4. முதல் கூட்டுத்தொகை 261, இரண்டாவது 264. அந்த இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்தது 3; ஒருவர் 1, மற்றவர் 2. எந்த இரண்டு பேர் என்பது வெள்ளிக்கிழமைப் பட்டியலிலேயே இருக்கிறது! ஆகவே நடுவில் எந்த எண்ணும் வெளியே போகக் கூடாது. தேர்வுக்கு முன் வாங்குங்கள், இன்டர்னல் மதிப்பெண் பதிவேறிய பிறகே ஆசிரியரிடம் கொடுங்கள்.

எழுத்துக் கருத்துகளில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'விடியற்காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டு பிள்ளையார்பாளையத்திலிருந்து வருகிறேன், முதல் பீரியடில் வெளியே நிற்க வைக்கிறார்' என்று ஒருவர் எழுதினால் பெயரே தேவையில்லை. 'ஏகாம்பரநாதர் பங்குனி உற்சவத்தில் சாமி தூக்கப் போனதற்கு ஆப்சென்ட் போட்டார்' என்பதும் அப்படித்தான். ஆசிரியர் புடவை எடுக்கிற வீட்டுப் பிள்ளையே வகுப்பில் இருக்கிற ஊர் இது. இத்தகைய வரிகளை அப்படியே கொடுக்காமல், 'முதல் பீரியட் தாமதத்துக்குக் கடுமை காட்டுவதாகப் புகார்' என்று சாரமாக்குங்கள். காரத்தைக் குறைத்துவிடாதீர்கள், அடையாளத்தை மட்டும் எடுங்கள். மாணவருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்: குடும்பம், வேலை, தேதி, தனியாக நடந்த உரையாடல் எதையும் எழுத வேண்டாம். பாலியல் தொல்லை போன்ற புகாருக்கு இந்தப் படிவம் இடமல்ல என்றும், உள் புகார்க் குழுவை எப்படி அணுகுவது என்றும் படிவத்தின் கடைசியில் போடுங்கள். பெயரில்லாத படிவத்தில் வந்த புகாருக்கு உங்களால் திரும்பிப் பேசக்கூட முடியாது.

முதுகலை வகுப்பில் நாலு பேர்தான் என்றால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. ஐந்து பதிலுக்குக் குறைந்தால் அறிக்கை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று செமஸ்டர் பதில்களைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

ஷீட்டை யார் திறப்பது? கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் நாக் தன் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பில், கல்லூரி தரும் பட்டியலை வைத்து மாணவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. கல்லூரி நடுவில் இல்லை. கல்லூரிக்குள்ளும் அந்த இடைவெளி வேண்டும்: படிவம் துறைத் தலைவர் கணக்கில் இருக்கக் கூடாது, வேறு துறைக்காரர் திறக்கட்டும். இந்த யோசனை பழையதுதான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பதைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். அது குலுக்கல்தான், இன்றைய ரகசிய வாக்கெடுப்பு அல்ல. மேடைப் பேச்சில் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் விதி எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். உள்ளே இருப்பது அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். யார் என்ன செய்வார் என்பதைச் சபை முன்னால் அவ்வளவு துல்லியமாக வகுத்திருக்கிறார்கள்.

"யாருப்பா இத எழுதினது?" என்று துறைத் தலைவர் ஒருநாள் கேட்கத்தான் போகிறார். பெயரை வைத்துக்கொண்டு மறுத்தால் உங்களுக்குப் பகை. "பெயர் எங்ககிட்டயே இல்ல சார்" என்று சொல்ல முடிந்தால் பேச்சு அங்கேயே நிற்கும். யார் திறப்பார், எத்தனை பேருக்குக் கீழே அறிக்கை இல்லை, ஃபார்மில் உள்ள மூலப் பதில்கள் எந்தத் தேதியில் அழியும் என்று ஒரு பக்கம் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள். படிவம் திறப்பதற்கு முன்பே வாங்குங்கள். பதில்கள் வந்த பிறகு போய் நின்றால், யாரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.