பேப்பர் போடுவதற்கு முன்

கோட் ரிவியூவில் 14 கமெண்ட். கடைசியில், "இதை யார் எழுதினது?" என்று ஒரு வரி. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பையன் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேண்ணா" என்றான். டீம் லீடாக இருந்த வருடங்களில் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்ற புலம்பலில் எனக்கு நம்பிக்கையில்லை. சக்தி இருக்கிறது, பழக்கம்தான் விட்டுப்போய்விட்டது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி முறைப்பு வாங்குவது, வண்டு விழுந்த பருப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்து நாலு பேச்சுக் கேட்பது என்று எங்களுக்குத் தினமும் கொஞ்சம் மூக்குடைபடும். இப்போது அதையெல்லாம் செல்போன் பார்த்துக்கொள்கிறது. நல்லதுதான், நானும் ஸ்விக்கியை விடப்போவதில்லை. ஆனால் முகத்துக்கு நேரே 'இது சரியில்லை' என்று ஒருவர் சொல்லிக் கேட்கும் முதல் இடம், சம்பளம் தரும் இடமாகிவிடுகிறது.

உளவியலாளர் மார்க் சீரியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் சில அடிகள் பட்டவர்களின் மனநிலை, அடியே படாதவர்களைவிட மேலாக இருந்தது. நிறைய அடிபட்டவர்களைவிடவும் மேலாக இருந்தது. கத்துகிற மேனேஜர்களுக்கு இந்த இரண்டாவது பாதி மட்டும் காதில் விழாது.

அதனால் சின்ன அளவில் பழகுங்கள். சாட்டில் கேட்க நினைத்ததை எழுந்துபோய் அவர் சீட்டிலேயே கேளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது, மறுப்பு வர வாய்ப்புள்ள ஒன்றைக் கேளுங்கள்: லீவு, ஷிப்ட் மாற்றம், வேறு புராஜெக்ட்.

அப்ரைசலுக்கு முன்னால் ஒத்திகை பாருங்கள். டொனால்ட் மைக்கன்பாம் என்ற உளவியலாளர் வகுத்த பயிற்சி முறை, தடுப்பூசி மாதிரி மன அழுத்தத்தைச் சிறு அளவில் கொடுத்துப் பழக்குவது. நாம் வீட்டிலேயே ஓர் எளிய வடிவத்தைச் செய்யலாம். நீங்கள் கேட்கப் பயப்படும் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, நண்பரிடம் கொடுத்து உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவை வயிறு பிசையும். நாலாவது தடவை இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு பதிலைத் தயார் செய்யுங்கள்: "எந்த வேலையில் அப்படி இருந்தது, ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?"

அந்தப் பையனை மறுநாள் காலைவரை பதில் எழுதாமல் இருக்கச் சொன்னேன். காலையில் எண்ணிப் பார்த்தோம். 14-இல் ஒன்பது, வேரியபிளுக்குப் பெயர் வைத்தது பற்றியவை.

எல்லோர் முன்னிலும் திட்டுவது, சாதியையோ உடம்பையோ இழுத்துப் பேசுவது இந்தக் கணக்கில் சேராது. அதைத் தாங்கப் பழக வேண்டாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துவைத்து எச்.ஆருக்கு மெயிலில் அனுப்புங்கள். இரண்டு வாரமாகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.