நூல் சொன்ன தூரம்

பூகோள வகுப்பில், பின்லாந்தின் ஹெல்சிங்கியையும் ஜப்பானின் டோக்கியோவையும் தேசப்படத்தில் அளவுகோல் வைத்து இணைத்தோம். கோடு கஜகஸ்தான், மங்கோலியா வழியாகச் சென்றது. இதுவே மிகக் குறுகிய வான்வழி என்று எல்லோரும் எழுதினோம். எல்லோருக்கும் தவறு!

தேசப்படம் தட்டை; பூமியோ உருண்டை. ஆகவே உலக உருண்டையை எடுத்து, அவ்விரு நகரங்களுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்தோம். நூல் வடக்கே ஏறி, சைபீரியாவின் பனிப் பிரதேசத்தின்மேல் படிந்தது. எங்கள் உருண்டையின் சுற்றளவு 80 செ.மீ.; பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. எனவே 1 செ.மீ.க்கு 500 கி.மீ. நூலின் நீளம் 15.6 செ.மீ.; தூரம் 7,800 கி.மீ.

ஆனால் நூல் கிடக்கும் வழியில் எப்போதும் விமானம் போக முடிவதில்லை. 1983-இல் பின்னேர் விமானம் இவ்விரு நகரங்களுக்கிடையே நிற்காமல் பறக்கத் தொடங்கியது. சோவியத் யூனியன் தன் வானைத் தாராளமாகத் திறக்காத காலம் அது. விமானம் வடதுருவத்தைச் சுற்றிப் போயிற்று; பயணம் சுமார் 13 மணி நேரம். பிற்காலத்தில் சைபீரிய வழி கிடைத்ததும் அது ஒன்பதரை மணியாகக் குறைந்தது. 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான் மூடப்பட்டது. மறுபடியும் துருவ வழி, மறுபடியும் 13 மணி!

அதையும் அளந்தோம். ஹெல்சிங்கியிலிருந்து துருவம், பிறகு பெரிங் நீரிணை, பிறகு ரஷ்யக் கரையைத் தொடாமல் டோக்கியோ. நூல் மூன்று முறை நழுவியது. ஏறக்குறைய 22 செ.மீ., அதாவது 11,000 கி.மீ. வந்தது. இரு நூல்களையும் வகுப்புச் சுவரில் அருகருகே ஒட்டியிருக்கிறோம். ஐயமுள்ளோர் வந்து அளந்து பார்க்கலாம்.