தேனீக் குடும்பத்தைக் கைமாற்றுதல்

தேனீக் குடும்பமொன்றைப் பிறர்க்குக் கொடுத்தல் வெறும் மரப்பெட்டியைக் கொடுத்தல் போன்றதன்று. ஓர் இராணியும், ஆயிரக்கணக்கான பணித்தேனீக்களும், முட்டையும் புழுவும் நிறைந்த அடைகளும் ஒருங்கே கைமாறுகின்றன. அவற்றோடு கண்ணுக்குப் புலனாகாத பிணியும் கைமாறக்கூடும். ஆதலின் கொடுப்போர்க்கும் கொள்வோர்க்கும் உரிய கடமைகளை ஈண்டு ஆராய்வோம்.

இந்தியத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கும் முறையைத் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை பலர்க்குக் கற்பித்தார். அவர் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பார் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வாயிலாக மார்த்தாண்டத்தில் இத்தொழிலை வேரூன்றச் செய்தார். இங்ஙனம் தென்னாட்டிற் பெருகிய தேனீக் குடும்பங்களுள் பெரும்பான்மையானவை 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோயால் மாண்டொழிந்தன.

இந்நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாது, நீர் நிரம்பிய பைபோலாகி, அறையினுள்ளேயே மடியும். இதனை அடையிற் காணலாம். வளர்ந்த தேனீயோ நோயைத் தாங்கியிருந்தும் புறத்தே குறியொன்றும் காட்டாது. இதனை நேரே தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆகவே, கொள்வோர் அடைகளைக் கூர்ந்து நோக்கினும் போதாது. முன்னர் அக்குடும்பத்திலோ அண்டைப் பெட்டிகளிலோ புழுக்கள் மடிந்தனவா என்பதைக் கொடுப்போரே உரைத்தல் வேண்டும். கண் காணாததை வாய்மையே காட்டவல்லது.

இனிக் கொண்டுசெல்லும் முறையைக் கூறுவோம். முட்டைகளையும் இளம்புழுக்களையும் கண்டு, இராணி முட்டையிட்டு வருவதை உறுதி செய்தல் வேண்டும். தேன் நிறைந்த அடைகள் கனத்தால் அறுந்து விழுமாதலின் அவற்றை நீக்கி, சட்டங்கள் அசையாதவாறு இறுக்குதல் நன்று. அந்தி சாய்ந்து வெளிச்சென்ற தேனீக்கள் யாவும் திரும்பிய பின், காற்றுப் புகும் கம்பிவலையால் வாயிலை அடைத்து, இரவிலேயே கொண்டுசெல்லல் தக்கது. பகல் வெப்பம் மெழுகடையை இளக்கிவிடும். புதிய இடம் மிக அணித்தாயின் பணித்தேனீக்கள் பழைய இடத்தையே நாடித் திரும்பி அலையும். சேர்ந்தபின் சில நாள் சர்க்கரைப் பாகு ஊட்டி, பெட்டியை அடிக்கடி திறவாதிருத்தல் வேண்டும். இந்தியத் தேனீ இடையூறு மிகின் கூட்டையே துறந்து பறந்துவிடும். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தின் எறும்பு அணுகாது.

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் போன்ற ஊர்க்கு அயலூரிலிருந்து ஒரு பெட்டி வருமாயின், அது வாங்கினவர் ஒருவர்க்கு மட்டும் வருவதன்று. தேனீக்கு வேலியும் எல்லையும் இல்லை. ஒரு பெட்டியின் பிணி அயலார் பெட்டிக்கும் மரப்பொந்திலுள்ள கூட்டிற்கும் பரவும். எனவே புதிய குடும்பத்தைச் சின்னாள் தனித்து வைத்து நோக்கிய பின்னரே ஏனையவற்றோடு சேர்த்தல் முறை. விலை பெற்றவுடன் கொடுப்போர் கடமை முடிவதில்லை. உண்மையையும் உடன் கொடுத்தபோதே அது நிறைவேறும்.