சீரற்ற இதயத்துடிப்பும் கதீற்றர் சிகிச்சையும்

மாணவர்களே, இதயத்தின் மின் கடத்தலை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள். வலச் சோணையறைச் சுவரிலுள்ள குடாச்சோணைக் கணுவில் கணத்தாக்கம் தோன்றுகிறது; ஓய்வின்போது நிமிடத்துக்கு 60 - 100 தடவைகள். அது சோணை இதயவறைக் கணுவில் சற்றுத் தாமதித்து இதயவறைகளுக்குப் பரவுகிறது. இதயவறைகளுக்கு இது ஒன்றே வழி என்பதைக் கவனிக்க.

வேறு இடங்களிலும் கணத்தாக்கங்கள் தோன்றினால்? சோணையறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இதுவே சோணையறை நடுக்கம். நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருக்கும். சிலருக்குப் படபடப்பு, களைப்பு ஏற்படும். சிலருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் பெரிய ஆபத்து படபடப்பு அல்ல. நடுங்கும் இடச் சோணையறையில் குருதி தேங்கி உறையலாம். அக்கட்டி மூளைக் குருதிக்கலனை அடைத்தால் பாரிசவாதம் ஏற்படும். விடை எழுதும்போது பலர் தவறவிடும் தொடர்பு இது.

பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளரை ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டனர். பிழையான கணத்தாக்கம் தோன்றிய 69 இடங்களில் 65 இடங்கள் சுவாசப்பை நாளங்களினுள் இருந்தன! ஆகவே அந்நாளங்கள் சோணையறையில் திறக்கும் வாயிலைச் சுற்றி வேலி போட்டால் போதும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

வேலி போடுவது எப்படி? நெஞ்சைப் பிளக்கத் தேவையில்லை. தொடை நாளத்தினூடாக (நாடி என்று எழுதிவிடாதீர்கள்) மெல்லிய கதீற்றர் குழாய் செலுத்தப்படும். அது கீழ்ப் பெருநாளம் வழியே வலச் சோணையறையை அடையும். இடப்பக்கம் செல்ல, சோணையறைகளுக்கு இடையிலான பிரிசுவரில் சிறு துளை இடப்படும். பின்னர் ரேடியோ மீடிறன் மின்னோட்டத்தால் சூடாக்கியோ, உறையவைத்தோ, வாயிலைச் சுற்றியுள்ள இழையம் வளையமாக அழிக்கப்படும். அண்மைக்காலத்தில் மிகக் குறுகிய மின்துடிப்புகளும் பயன்படுகின்றன. அவ்விடத்தில் உருவாகும் வடு இழையம் மின்னைக் கடத்தாது. நாளத்தினுள் கணத்தாக்கம் தோன்றினாலும் வெளியே வராது.

இது எல்லோரையும் ஒரே தடவையில் குணப்படுத்தும் சிகிச்சை அன்று. வளையத்தில் இடைவெளி விழுந்தால் நடுக்கம் திரும்பும். மீண்டும் செய்ய நேரலாம். குருதிக்கசிவு, அரிதாக இதயச்சுவர் துளைபடுதல் போன்ற ஆபத்துகளும் உண்டு. துடிப்பு சீரானதும் குருதி உறைவெதிர் மருந்தைத் தாமாக நிறுத்துவது மிகத் தவறு. பாரிசவாத ஆபத்தைக் கணித்து வைத்தியரே அதைத் தீர்மானிப்பார்.

பயிற்சி வினா: சிலருக்குச் சோணை இதயவறைக் கணுவே கதீற்றரால் அழிக்கப்படுகிறது. அவர்களுக்குச் செயற்கை வேகமூட்டி பொருத்துவது ஏன் அவசியம்? (துப்பு: முதற் பந்தியின் கடைசி வசனம்.)