பாசறை முதல் முகாம் வரை – ஒரு சொல்லாய்வு

முன்னுரை

சின்னாள் தங்கிப் பெயர்வோர் அமைத்துக்கொள்ளும் உறையுளைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. பாசறை, பாடி, கட்டூர், பாளையம், கூடாரம், முகாம் என்பன அவற்றுட் சில. நிலையாத இருப்பிடம் என்னும் பொதுப்பொருள் இவற்றுக்கு உண்டு. எனினும், அங்குத் தங்குவோர் அடுத்து எங்குச் செல்வர் என்னும் வினாவிற்கு ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விடை தருகிறது. அவ்விடைகளை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மீள்வதற்குரிய பாசறை

103 அடிகளால் அமைந்த முல்லைப்பாட்டு, பாசறையின் அமைப்பை விரிவாகக் காட்டுகிறது. காட்டுப் புதர்களை அகற்றி, முள்வேலி வளைத்து, படைஞர் பாடி அமைக்கின்றனர். தழை வேய்ந்த கூரைகள் தெருக்களாக நீள்கின்றன. அரசனுக்குத் திரைச்சீலையால் பகுத்த ஈரறைப் பள்ளி அமைகிறது. கட்டூர் என்னும் சொல்லும் இத்தகைய படையிருப்பையே குறிக்கும். கட்டப்பட்ட ஊர் என அதன் பொருள் வெளிப்படை. ஆயினும், இப்பாட்டின் உயிர் பாசறையில் இல்லை; இல்லத்தில் காத்திருக்கும் தலைவியிடத்தில் உள்ளது. தலைவன் மீண்டு வரும் ஒலியோடு பாட்டு நிறைவுறுகிறது. பாசறை என்றால் அதற்குப் பின்னே ஒரு வீடு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

ஊராகிய பாளையம்

பாளையம் என்பதும் படை தங்கும் இடமே. 16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சிப்பரப்பு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டதை வரலாறு கூறும். பாளையத்துக்கு உரியவர் பாளையக்காரர் எனப்பட்டார். இன்று மேட்டுப்பாளையம், உத்தமபாளையம் முதலிய ஊர்ப்பெயர்களில் இச்சொல் வாழ்கிறது. படையிருப்பைச் சுட்டிய சொல், குடிகள் வாழும் ஊருக்குப் பெயராயிற்று.

வீடாகிய கூடாரம்

அரபுப் பாலைவனத்து நாடோடி மக்களுக்குக் கூடாரமே வீடு. ஆட்டுமயிரால் நெய்த கூடாரத்தையும் அவர்கள் 'பைத்' என்றே அழைத்தனர். வீடு என்பது அதன் பொருள். செய்யுளின் ஓரடிக்கும் அரபியில் இதுவே பெயர். 8-ஆம் நூற்றாண்டில் அரபு யாப்பிலக்கணம் வகுத்த கலீல் இப்னு அஹ்மத், அசைகளுக்குக் கயிறு, முளை என்னும் பொருளுடைய பெயர்களைச் சூட்டினார். நம் இல்லங்களில் பாடப்படும் 'பைத்து' என்னும் சொல்லும் இவ்வழி வந்ததேயாகும். கூடாரத்தில் வாழ்தல் அவர்களுக்குக் குறையன்று, அதுவே குடிமை.

முகாம்

முகாம் என்பது அரபு மொழியில் நிற்றல், தங்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் நின்ற இடமெனப் போற்றப்படும் மக்கமா நகரின் 'மகாமு இப்ராஹீம்' இதன் உறவுச்சொல்லே. தமிழில் இது மருத்துவ முகாம், அலுவலர் முகாம் எனச் சில நாள் இருப்பைக் குறிக்கும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் 7 நாள் சிறப்பு முகாம் முடித்து மகிழ்வுடன் இல்லம் திரும்புவதை நாம் அறிவோம்.

அதே சொல்தான் 1983 முதல் இலங்கையிலிருந்து உயிர் காக்க ஓடிவந்தோர் வாழும் மண்டபம் முதலிய இடங்களையும் குறிக்கிறது. அங்குப் பிறந்தோர் வளர்ந்து, தாமும் பெற்றோராயினர். 2021-இல் தமிழக அரசு, 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. புதிய வீடுகளும் கட்டித் தந்தது. கதியற்றோர் எனப் பொருள்தரும் சொல் நீங்கியது வரவேற்கத்தக்கது. எனினும், முகாம் என்னும் சொல் இன்னும் நீங்கவில்லை.

முடிவுரை

பாசறையினர் வீடு திரும்பினர், பாளையம் ஊராயிற்று, பாலைவனத்தார்க்குக் கூடாரமே வீடாயிற்று. 40 ஆண்டுகளைக் கடந்தும் முகாமில் வாழ்வோர்க்கோ இம்மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. 7 நாளுக்கும் 40 ஆண்டுக்கும் ஒரே சொல்லை வழங்குகிறோம் என்பதை மொழி பயில்வோர் சிந்தித்தல் வேண்டும். சொற்பொருள் அறிதல் புலமை. அச்சொல்லுக்குள் வாழும் மனிதரை அறிதலே கல்வியின் பயன்.